நெடுஞ்சாலையில் டிராக்டர்

புரட்டாசி மாதத்தில் முதல் மழை கரிசல் நிலத்தை நனைத்துவிட்டால், தூத்துக்குடி மாவட்டத்துச் சாலைகளில் ஒரு மாறுதலைக் காணலாம். எட்டயபுரத்திலிருந்து வரும் நான்கு வழிச் சாலையிலும், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துக் கிளைச் சாலைகளிலும், வேம்பார், குளத்தூர் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். ஒன்பது கொத்துக் கலப்பையைப் பின்னே தூக்கிக்கொண்டு ஒன்று போகும். விதை மூட்டையும் உர மூட்டையும் ஏற்றிய டிரெய்லருடன் மற்றொன்று வரும். அவற்றின் பின்னால், துறைமுகத்தை நோக்கி விரையும் சரக்கு லாரிகளும், பேருந்துகளும், கார்களும் ஹாரனை அலற விட்டுக்கொண்டு ஊர்ந்து வரும். இவ்விரு சாராருக்கும் இடையே நாள்தோறும் நிகழும் பூசலைக் குறித்து இம்மாதம் எழுதத் துணிந்தோம். கிணறு, பள்ளிக்கூடம், கழிப்பிடம் என்று எழுத எத்தனையோ இருக்க, இது என்ன பெரிய செய்தி என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

இம்மாவட்டத்தின் அமைப்பை முதலில் நோக்குவோம். முத்துக்கும் உப்புக்கும் பெயர் பெற்றது இக்கரை. முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. உப்பளங்கள் இன்றும் வெண்குன்றுகளைக் குவித்து வருகின்றன. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கிய துறைமுகத்திற்கு நிலக்கரியும், பெட்டகச் சரக்கும், இன்ன பிறவும் இரவு பகலாக வந்து செல்கின்றன. இவற்றை ஏற்றிச் செல்லும் சாலைகள் அத்தனையும் உழவர்களின் நிலங்களின் ஊடே செல்பவை. மதுரைச் சாலையின் இருபுறமும் மானாவாரிக் கரிசல். திருச்செந்தூர்ச் சாலையில் முள்ளக்காடு தாண்டினால் உப்பளம். பழையகாயல் கடந்து முக்காணி, ஆத்தூர் சென்றால் தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். உழவரின் வீடு சாலைக்கு ஒருபுறமும் நிலம் மறுபுறமுமாக இருப்பது இங்கே சர்வசாதாரணம். பல இடங்களில் நிலம் பாட்டன் காலத்தது, சாலைதான் புதியது.

முன்பு இதே வழிகளில் மாட்டுவண்டிகள் சென்றன. 1876-இல் இருப்புப்பாதை வருவதற்கு முன்னர், கரிசல் நாட்டுப் பருத்தி தூத்துக்குடிக் கரையை அடைந்தது வண்டிகளிலேதான். இருப்புப்பாதை வந்த பின்னரும் நிலையம் வரையில் வண்டியே துணை. நம் சிறு பிராயத்தில்கூட, விடியற்காலையில் வரிசையாகச் செல்லும் வண்டிகளையும், அவற்றின் அச்சுக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும் அரிக்கேன் விளக்குகளையும் பார்த்திருக்கிறோம். வண்டிக்காரர் உறங்கினாலும் விளக்கு உறங்குவதில்லை. இந்த விளக்கைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையில் டாஃபே நிறுவனம் 1960-இல் தோன்றிற்று. இன்று எண்ணிக்கையில் உலகிலேயே மிகுதியான டிராக்டர்களைச் செய்யும் நாடு நம் நாடே. ஆயினும், சொந்தமாக டிராக்டர் வைத்திருப்போர் கிராமத்தில் சிலரே. ஏனையோர் மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்துகின்றனர். ஆகவே ஒரே டிராக்டர் காலையில் ஓர் ஊரில் உழுது, நண்பகலில் அடுத்த ஊருக்குச் சென்று, இரவில் மூன்றாவது ஊரில் நிற்கும். கரிசலில் ஈரம் காத்திருக்காது. பதம் தப்பினால் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் அந்த ஆண்டுக்குத் தப்பினவைதாம். அந்தச் சில நாட்களில் டிராக்டர் சாலைக்கு வராமல் இருக்க முடியாது.

இனி நாம் செய்த பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மாசி மாதத்தில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஓர் ஆய்வுக் கூட்டத்திற்காக அலுவலக ஜீப்பில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்றுகொண்டிருந்தோம். வேப்பலோடைக்கு அப்பால், சோளத்தட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னே போயிற்று. தட்டை டிரெய்லரின் இருபுறமும் பிதுங்கி, ஓட்டுபவர் தலையே தெரியாதபடி மறைத்திருந்தது. பத்து நிமிடமாக அதன் பின்னாலேயே செல்கிறோம் என்று நமக்குத் தோன்றிற்று. (கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தால் மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும்.) "ஹாரனை அடித்துவிட்டு ஏறிப் போங்கள்" என்று ஜீப் ஓட்டுநரை நாமே தூண்டினோம். அவர் வலப்புறம் ஏறினார். அதே கணத்தில் டிராக்டர் வலப்புறம் இருந்த வண்டிப்பாதையில் திரும்பிற்று. ஓட்டுநர் திறமைசாலி. ஒரு முழ இடைவெளியில் ஜீப் நின்றது.

இறங்கி வந்த பெரியவரைக் கடிந்துகொள்ளத்தான் வாயைத் திறந்தோம். அவரோ, "ஐயா, திரும்பப் போறேன்னு கையை நீட்டினேனே, தட்டை மறைச்சிட்டு போல" என்றார். உண்மைதான், அவர் கை நமக்குத் தெரிந்திருக்க வழியில்லை, நம் ஹாரன் அவர் காதில் விழுந்திருக்கவும் வழியில்லை. நமக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆட்சியர் அலுவலகத்தை அடைந்தபோது, கூட்டம் அரைமணி தாழ்ந்து தொடங்கும் என்று அறிவித்திருந்தார்கள்.

அன்று முதல்தான் டிராக்டர் ஏன் மெதுவாகச் செல்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினோம். ஓட்டுபவரின் சோம்பலோ, பிறரை மறிக்கும் எண்ணமோ இதற்குக் காரணமன்று. டிராக்டர் மண்ணை இழுப்பதற்கென்று செய்யப்பட்ட பொறி. மத்திய மோட்டார் வாகன விதிகளும், வயல் வேலைக்கான கருவிகளுடனோ விளைபொருள் ஏற்றும் டிரெய்லருடனோ இயங்குவது என்றே வேளாண் டிராக்டரை வரையறுக்கின்றன. போக்குவரத்து வாகனம் என்ற வகையில் அதைச் சேர்க்கவில்லை. பெரும்பாலான டிராக்டர்கள் வெறுமையாகச் சென்றாலும் மணிக்கு 30 அல்லது 35 கிலோமீட்டருக்கு மேல் ஓடா. பாரத்துடன் 20 கிலோமீட்டரே அதிகம். காரிலும் பேருந்திலும் சக்கரத்துக்கு மேலே அதிர்வைத் தாங்கும் வில் இருக்கிறது. டிராக்டரின் பின்னச்சுக்கு அது இல்லை. பெரிய டயரும் ஓட்டுபவரின் முதுகெலும்புமே குலுக்கலைத் தாங்குகின்றன. வேகம் கூடினால் டிராக்டர் துள்ளும்; பின்னே பாரம் மிகுந்தால் முன் சக்கரம் இலேசாகி, திருப்பு சக்கரம் சொன்னபடி கேளாது.

பிரேக்கின் செய்தி இன்னும் முக்கியமானது. டிராக்டருக்குப் பிரேக் மிதி இரண்டு. இடச் சக்கரத்துக்கு ஒன்று, வலச் சக்கரத்துக்கு ஒன்று. வயலின் முனையில் குறுகிய இடத்தில் திருப்புவதற்கு ஒரு பக்கத்தை மட்டும் மிதிப்பார்கள். சாலைக்கு ஏறுமுன் இரண்டையும் இணைக்கும் தாழைப் போட்டாக வேண்டும். போடாமல் மறந்து, அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி பக்கவாட்டில் பாயும். டிரெய்லருக்கோ, பெரும்பாலும் தனிப் பிரேக்கே கிடையாது. ஏறத்தாழ 2 டன் எடையுள்ள டிராக்டர், தன்னைவிடப் பாரமான டிரெய்லரைத் தன் பிரேக்கினால் மட்டுமே நிறுத்த வேண்டும். சட்டென்று நிறுத்தினால் பின்னிருக்கும் பாரம் தள்ளிக்கொண்டு வந்து, டிராக்டரும் டிரெய்லரும் மடக்குக் கத்தி போல மடங்கிவிடும். ஆகவே குறுக்கே புகுந்து முன்னால் பிரேக் போடும் இருசக்கர வண்டிக்காரர், தம்மைக் காப்பாற்றும் ஆற்றல் டிராக்டர் ஓட்டுபவருக்கு இல்லை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

முந்திச் செல்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்கிறது. அதன் பின்னால் நம் காரும் அதே வேகத்துக்கு இறங்கிவிட்டது என்று கொள்வோம். அங்கிருந்து முடுக்கி, டிராக்டரையும் டிரெய்லரையும் கடந்து, மீண்டும் இடப்புறம் சேர்வதற்கு ஏறத்தாழ 9 விநாடி பிடிக்கும். அதற்குள் நாம் கிட்டத்தட்ட 90 மீட்டர் சென்றிருப்போம். எதிரே 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் உப்பு லாரி அதே 9 விநாடியில் 150 மீட்டர் வந்திருக்கும். ஆக, 240 மீட்டருக்குச் சாலை வெறுமையாகத் தெரிந்தால்தான் தலை தப்பும். இரட்டைக் கோட்டிலும் வளைவிலும் பாலத்தருகிலும் அவ்வளவு தூரம் எவருக்கும் தெரிவதில்லை.

பொறுத்திருந்தால் என்ன நஷ்டம்? ஊரிலிருந்து நிலத்துக்குச் செல்லும் டிராக்டர் நெடுஞ்சாலையில் இருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். 3 கிலோமீட்டர் முழுவதும் அதன் பின்னாலேயே சென்றால் 9 நிமிடம் ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றிருந்தால் 3 நிமிடம். வித்தியாசம் 6 நிமிடம். அதற்குள் நேர்ச்சாலை ஒன்று வராமல் போவது அரிது.

நான்கு வழிச் சாலையில் முந்துவது எளிது. அபாயம் வேறு விதமானது. 80 கிலோமீட்டரில் வரும் காருக்கு, 20 கிலோமீட்டரில் செல்லும் டிராக்டர் விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நெருங்கி வரும். 100 மீட்டர் தொலைவில் கண்டால் 6 விநாடி அவகாசம். இரவில், விளக்கில்லாத டிரெய்லரை 40 மீட்டரில்தான் காண்கிறோம் என்றால் அவகாசம் 3 விநாடிகூட இல்லை. டிராக்டர் தொடர்பான கோர விபத்துக்களில் பல இப்படிப் பின்னாலிருந்து மோதியவையே.

இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் காற்றாலை இறகுகள் கப்பலேறுகின்றன. 80 மீட்டரையும் கடந்த நீளமுள்ள இறகுகள் உண்டு. அவற்றைச் சுமந்த நெடிய வண்டி ஒரு திருப்பத்தில் திரும்பும்போது, போக்குவரத்து முழுவதும் நின்றுவிடும். முன்னும் பின்னும் வழிகாட்டி வண்டி, சிவப்புக் கொடி, எச்சரிக்கை விளக்கு. ஒருவரும் முணுமுணுப்பதில்லை. காரிலிருந்து இறங்கிப் படம்கூடப் பிடிக்கிறார்கள். அதே திருப்பத்தில் வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் அரை நிமிடம் தாமதித்தால் பத்து ஹாரன்கள் ஒலிக்கின்றன. இறகுக்குக் கிடைக்கும் பொறுமை வாழைத்தாருக்குக் கிடைக்காததன் காரணம், இறகு வண்டி தன் வருகையை முன்கூட்டி அறிவிக்கிறது, டிராக்டர் அறிவிப்பதில்லை. இதில் பாதிப் பழி டிராக்டர் பக்கமும் சேர்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயில் பயணிகள் ஏறத்தாழ 800 பேர் சிக்கிக்கொண்டனர். சாலைகள் அறுந்து, ஜீப்பும் லாரியும் நின்றுவிட்ட இடங்களுக்குக் கடற்கரை ஊர்களின் படகுகளும் உள்ளூர் டிராக்டர்களுமே சென்றன. அரிசியும் பால்மாவும் ஏற்றிய டிரெய்லரின் மேல் அமர்ந்து நாமும் இரண்டு நாள் சென்றோம். இடுப்பளவு நீரில் அந்தப் பெரிய சக்கரங்கள் நடைவேகத்தில் சென்றன. வேகமாகப் போகச் சொல்லி அப்போது எவரும் கேட்கவில்லை.

இனி, டிராக்டர் வைத்திருக்கும் நம் உழவர் பெருமக்களிடம் சில வார்த்தை. அந்த அரிக்கேன் விளக்கை நினைவூட்டுகிறோம். மாட்டுவண்டியில் விளக்குக் கட்டிய தந்தையின் மகன், இலட்சக்கணக்கில் பணம் கொடுத்து டிராக்டர் வாங்கி, டிரெய்லரின் பின்புறத்தை இருட்டாகவே வைத்திருப்பது என்ன நியாயம்? வண்டியின் பின்னே இரண்டு சிவப்புப் பிரதிபலிப்பான்கள் இருத்தல் வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு விதிகளிலேயே உண்டு. தட்டையோ வைக்கோலோ ஏற்றும்போது அவை மறைந்துவிட்டால், பாரத்தின் மேலேயே ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கலப்பையைத் தூக்கிச் செல்பவர்கள் இதில் மேலும் கவனமாக இருத்தல் அவசியம். இருளில் கலப்பைக் கொத்துக்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. கூர்முனைகளோ பின்னால் வருபவரின் மார்பளவில் நிற்கின்றன.

எதிர்த்திசையில் ஓட்டுவது மற்றொரு கேடு. நான்கு வழிச் சாலையில் நடுத்தடுப்பின் திறப்பு தொலைவில் இருப்பதால், சுற்றிச் செல்ல டீசல் ஆகுமே என்று சாலையின் தவறான பக்கத்திலேயே வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய இடர்ப்பாடு நமக்குப் புரிகிறது. பக்கச் சாலையோ சுரங்கப்பாதையோ அமைத்துத் தருமாறு கிராமங்கள் கேட்பதும் நியாயமே. ஆனால் அது வரும் வரையில், எதிரே 80 கிலோமீட்டரில் வருபவர் நம் நியாயத்தைக் கேட்க நிற்க மாட்டார்.

நெல் வயலில் சேற்றுழவுக்குப் பூட்டும் இரும்பு கேஜ் வீலுடன் தார்ச்சாலையில் ஏறுவோரும் இருக்கின்றனர். ஊராட்சி ஒன்றியப் பணத்தில் போட்ட சாலை ஒரே பருவத்தில் உழவு நிலமாகிவிடுகிறது. இதைக் காணும்போது நம் வயிறு எரிவதை மறைப்பதற்கில்லை. கழற்றிப் பூட்ட நேரம் ஆகும் என்பார்கள். சாலையைப் பெயர்த்துப் போட எவ்வளவு காலம் ஆகிறது என்பதை அவர்களே நன்கறிவார்கள். காது பிளக்கும்படி சினிமாப் பாட்டை வைத்துக்கொண்டு ஓட்டும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வோம்: பொறியின் இரைச்சலே பின்னால் வரும் ஹாரனை மறைக்கிறது, பாட்டும் சேர்ந்தால் கேட்க வேண்டாம்.

திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் கோயிலுக்கும் டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்வதை எக்காரணம் கொண்டும் செய்யலாகாது. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே கோயிலிலிருந்து திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

பிற நாடுகளில் இந்தச் சிக்கலை எவ்வாறு தீர்த்திருக்கிறார்கள்? அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1960-களின் தொடக்கத்தில் ஒரு முக்கோணப் பலகையை உருவாக்கினர். நடுவில் பளிச்சிடும் ஆரஞ்சு நிறம், ஓரத்தில் கருஞ்சிவப்பு. இதைக் கண்டதும் முன்னே செல்வது மெதுவான வண்டி என்று தொலைவிலேயே தெரிந்துவிடும். ஓட்டுபவர் வேகத்தைக் குறைக்கிறார். அங்கே கலிபோர்னியா மாநிலத்தில், இருவழிச் சாலையில் முந்த இடமில்லாதபோது பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், மெதுவாகச் செல்பவர் தக்க இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சட்டம். இங்கிலாந்தின் சாலை நெறியும் இதையே கூறுகிறது. இது நமக்கும் உகந்த வழக்கமாகும். பின்னால் வருபவர் பொறுக்க வேண்டும். முன்னால் செல்பவர் அந்தப் பொறுமையை நெடுநேரம் சோதிக்கலாகாது. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்டு 1 முதல் டிராக்டர்களுக்கே தடை விதித்தார்கள். விளாத்திகுளத்து உழவருக்கு அப்படித் தடை விதித்தால், அவர் தம் நிலத்துக்குச் செல்ல வேறு வழி கிடையாது.

ஊராட்சிகள் செய்யக்கூடிய வேலையும் உண்டு. கிராமச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் முனையில் சீமைக் கருவேல் மண்டி நிற்பதை எங்கும் காண்கிறோம். டிராக்டரின் முன்மூக்கு நீளமானது. ஓட்டுபவர் இருபுறமும் பார்ப்பதற்குள் முன் சக்கரம் சாலையில் ஏறிவிடுகிறது. அந்த முனையில் இருபுறமும் ஐம்பது அடிக்குக் கருவேலை வேரோடு அகற்றினால் போதும். பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. நம் வட்டாரத்தில் இத்தகைய முனைகளை ஊர்தோறும் கணக்கெடுத்து, மழைக்கு முன்னரே வெட்டி முடிக்கும்படி ஊராட்சிச் செயலர்களிடம் கூறியிருக்கிறோம். வெட்டிய இடத்தில் மறு ஆண்டே அது தழைத்துவிடும் என்பதால், ஆண்டுதோறும் ஆவணியில் ஒரு முறை பார்த்துவர வேண்டும்.

டிரெய்லரிலும் கலப்பைச் சட்டத்திலும் ஒட்டுவதற்கான ஒளிரும் சிவப்புப் பட்டை கடைகளில் கிடைக்கிறது. ஒட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டித் துடைத்துவிட்டு ஒட்டினால்தான் நிற்கும். கரிசல் சேறு படிந்த பட்டை ஒளிராது. ஆகையால் வயலைவிட்டுச் சாலைக்கு ஏறும் முனையில், ஒரு குடம் தண்ணீரும் ஒரு பழந்துணியும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.